முதல் திருட்டு, இருபது வயது: தண்டனை எவ்வளவு இறங்கும்?

சட்டக் கேள்வி பதில்

திருட்டு வழக்கில் முதல் முறை சிக்கிய இளைஞர்களைப் பற்றிக் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில் ஒன்றாக இடம்பெறுகின்றன. 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவும் (பி.என்.எஸ்.), அதன் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் (பி.என்.எஸ்.எஸ்.) பொருந்தும். அதற்கு முந்தைய குற்றம் என்றால் பழைய ஐ.பி.சி. 379, 380 பிரிவுகள்தான்.

*என் மகனுக்கு 19 வயது, பாலிடெக்னிக் கடைசி வருஷம். சில்வர் பீச்சில் குளிக்கப் போனவர்கள் கரையில் வைத்திருந்த பையிலிருந்து செல்போனை எடுத்துவிட்டான். போன் விலை 14,000 ரூபாய். ரிமாண்ட் ஆகி, இப்போது ஜாமீனில் இருக்கிறான். "21 வயசுக்குள்ள இருந்தா ஜெயில் கிடையாது" என்கிறார் ஒருவர். "ஒத்துக்கிட்டா ஃபைன் கட்டிட்டுப் போயிடலாம்" என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?*
– ஒரு தாய், செம்மண்டலம், கடலூர்

முதலாமவர் சொன்னது முக்கால்வாசி சரி. இரண்டாமவர் பேச்சைக் கேட்டு, முதல் வாய்தாவிலேயே மகனைத் தலையாட்ட விடாதீர்கள்.

உங்கள் மகன் மீதுள்ளது பி.என்.எஸ். 303(2) பிரிவாக இருக்கும். எஃப்.ஐ.ஆர். நகலில் அதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவதை டிராஃபிக் ஃபைன் போல நினைக்கிறார்கள். ஆனால் அது "குற்றவாளி" என்ற தீர்ப்பு. இதே பிரிவில் மறுபடி ஒரு தீர்ப்பு வந்தால் குறைந்தது 1 ஆண்டு கடுங்காவல், அதிகபட்சம் 5 ஆண்டு, கூடவே அபராதம். அந்தக் குறைந்தபட்ச 1 ஆண்டுக்கான வாசலைத்தான் இன்று கட்டும் சில ஆயிரம் ரூபாய் திறந்து வைக்கிறது.

முதலில் முயல வேண்டியது சமரசம். 303(2) திருட்டை, பொருளின் சொந்தக்காரர் விரும்பினால் சமரசமாக முடிக்கலாம் என்று பி.என்.எஸ்.எஸ். 359-வது பிரிவு சொல்கிறது. இந்தப் பிரிவுக்கு நீதிமன்றத்தின் தனி அனுமதிகூடத் தேவையில்லை. போனைப் பறிகொடுத்தவரும் உங்கள் மகனும் சேர்ந்து கையெழுத்திட்ட மனுவை, இரு தரப்பு அடையாள அட்டை நகல்களோடு, வழக்கு நடக்கும் மாஜிஸ்திரேட் முன் தாக்கல் செய்ய வேண்டும். சொந்தக்காரர் நேரில் வந்து, யாரும் மிரட்டவில்லை, போன் கிடைத்துவிட்டது, வழக்கைத் தொடர விருப்பமில்லை என்று சொன்னால் போதும். சமரசத்தின் சட்ட விளைவு விடுதலை. அதாவது தண்டனை மட்டுமல்ல, குற்றவாளி என்ற தீர்ப்பே இருக்காது. வேறு எந்தச் சலுகையும் இவ்வளவு சுத்தமாக முடிவதில்லை.

இதில் கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. காவல் நிலையத்தில் வைத்து, "பேசி முடித்துக்கொண்டோம்" என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வழக்கு முடிந்ததாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு அந்தத் தாளால் வழக்கு முடியாது. சில மாதம் கழித்துச் சம்மன் வரும். வீடு மாறியிருந்தால் சம்மன் கைக்கு வராது, அடுத்து வாரண்ட் வரும். குற்றப்பத்திரிகைக்கு முன்பே முடிக்க வேண்டுமென்றால், கூட்டுச் சமரச மனுவோடு சென்னை உயர் நீதிமன்றத்தில் பி.என்.எஸ்.எஸ். 528-ன் கீழ் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கேட்கலாம். செலவு அதிகம், ஆனால் வழி உண்டு.

சொந்தக்காரர் வெளியூர்க்காரர், பிடிகொடுக்கவில்லை என்றால் அடுத்த வழி 1958-ம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். உங்களிடம் "21 வயது" என்று சொன்னவர் இதன் 6-வது பிரிவைத்தான் சொல்லியிருக்கிறார். ஆயுள் தண்டனை விதிக்கக்கூடிய குற்றமாக இல்லாதவரை, 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது. எச்சரித்தோ, நன்னடத்தைப் பிணையிலோ விடுவது உகந்ததல்ல என்று நீதிமன்றம் கருதினால் மட்டுமே சிறை. அப்போதும் காரணத்தை எழுத வேண்டும், அதற்கு முன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பரிசீலிக்க வேண்டும். 21 வயதுக்குள் இருப்பவருக்குச் சாதாரணமாக இந்தப் பலனைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று 1982-ல் மசருல்லா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பழகிய குற்றவாளிகளோடு சேர்ந்து இளைஞன் கெட்டுவிடக் கூடாது என்பதுதான் பிரிவின் நோக்கம் என்று அதற்குப் பத்து வருடம் முன்பே தௌலத் ராம் வழக்கில் சொல்லியிருக்கிறது. கேப்பர் மலைச் சிறையில் மகனைப் பார்க்க மனு போட்டுக் காத்திருந்த பெற்றோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி அந்த மீதிக் கால்வாசி. 21 வயது என்பதை எந்த நாளில் பார்ப்பது? திருடிய நாளில் அல்ல, விசாரணை நீதிமன்றம் குற்றவாளி என்று கண்டு தண்டனையை முடிவு செய்யும் நாளில் என்று ராம்ஜி மிஸ்ஸர் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. உங்கள் மகனுக்கு இப்போது 19. வாய்தா மேல் வாய்தா வாங்கி இரண்டரை வருடம் இழுத்தால் 6-வது பிரிவு கைவிட்டுப் போகும். பிறகும் எச்சரித்து விடும் 3-வது பிரிவும், நன்னடத்தைப் பிணையில் விடும் 4-வது பிரிவும் இருக்கின்றன. ஆனால் அவை நீதிபதியின் விருப்பத்தைப் பொறுத்தவை, 6-வது பிரிவு போல அவர் கையைக் கட்டுபவை அல்ல. "கேஸை இழுத்தா நமக்கு நல்லது" என்ற கோர்ட் வாசல் ஞானம் இந்த ஒரு விஷயத்தில் நேர் எதிராக வேலை செய்யும்.

இந்தச் சட்டப் பலன் தானாக மடியில் வந்து விழாது. குற்றவாளி என்று கண்டபின், தண்டனை குறித்து நீதிபதி ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று கேட்பார். பையன்கள் அங்கே "மன்னிச்சிடுங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்பார்கள். அந்த இடத்தில் உங்கள் வழக்கறிஞர் எழுத்து மூலமாக, 1958 சட்டம் 6-வது பிரிவின்படி நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்க வேண்டும் என்று மனு கொடுக்க வேண்டும். பிறந்த தேதிக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், கல்லூரியின் படிப்புச் சான்றிதழ், முகவரிக்குக் குடும்ப அட்டை, வேறு வழக்கில் தண்டனை இல்லை என்ற உறுதிமொழி ஆகியவற்றை இணைத்துவிடுங்கள். "சட்டத்தில் ஐ.பி.சி. 379, 380 என்றுதானே இருக்கிறது, பி.என்.எஸ். இல்லையே" என்று யாராவது தயங்கினால், பொது ஷரத்துகள் சட்டம் 8-வது பிரிவைக் காட்டுங்கள். நீக்கப்பட்ட சட்டத்தின் பிரிவுக்குப் பதிலாக வந்த புதுப் பிரிவையே அங்கே வைத்துப் படிக்க வேண்டும் என்று அது சொல்கிறது.

நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வருவார், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். வருமானம் என்ன, அப்பா குடிப்பாரா, பையன் யாரோடு சுற்றுகிறான், கல்லூரி வருகைப் பதிவு எப்படி, பொருள் திரும்பப் போனதா என்பதெல்லாம் அறிக்கையில் ஏறும். அறிக்கை பெரும்பாலும் கெடுவது இரண்டு காரணங்களால். ஒன்று, அவமானத்துக்குப் பயந்து குடும்பம் உறவினர் ஊருக்குப் போய்விடும், வந்தவர் பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு "கொடுத்த முகவரியில் இல்லை" என்று எழுதுவார். இரண்டு, தீர்ப்புக்குப் பிறகும் அவரிடம் "எங்க பிள்ளை எடுக்கவே இல்லை, போலீஸ்தான் மாட்டிவிட்டது" என்று வாதாடுவார்கள். அந்த வாதத்துக்கான இடம் மேல்முறையீடு. அலுவலர் பார்க்க வருவது பையன் இனி எப்படி இருப்பான், அவனைக் கவனிக்க வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைத்தான்.

அறிக்கை சாதகமாக இருந்தால் 3-வது பிரிவில் எச்சரித்து அன்றே அனுப்பலாம், அல்லது 4-வது பிரிவில் நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கலாம். பிணைக் காலம் 3 ஆண்டுக்கு மேல் போகாது. அலுவலரின் கண்காணிப்பில் வைத்தால் அது குறைந்தது 1 ஆண்டு. குடிக்கக் கூடாது, இன்ன இடத்தில் வசிக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை வரலாம். 5-வது பிரிவின்படி சொந்தக்காரருக்கு நஷ்ட ஈடும் கட்டச் சொல்லலாம். நிபந்தனையை மீறினால், முதல் முறைக்கு 50 ரூபாய் வரை அபராதத்தோடு விடலாம் (1958-ல் எழுதிய தொகை, இன்றும் அப்படியே இருக்கிறது), அல்லது நிறுத்தி வைத்த தண்டனையையே விதிக்கலாம். சென்னையில் வேலை கிடைத்தது என்று யாரிடமும் சொல்லாமல் கிளம்புவதும் மீறல்தான். கிளம்பும் முன் அலுவலரிடம் எழுதிக் கொடுத்து, தேவைப்பட்டால் நிபந்தனையை மாற்றச் சொல்லி நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும்.

விசாரணை நீதிமன்றம் இதையெல்லாம் பார்க்காமலே சிறைத் தண்டனை கொடுத்துவிட்டால், 11-வது பிரிவின்படி மேல்முறையீட்டு நீதிமன்றமே நன்னடத்தை உத்தரவு போடலாம்.

*நெல்லிக்குப்பம் ரோட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். 20 வயதுப் பையன் ஒருவன் 2,800 ரூபாய்ச் சாமானைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனதைக் கேமராவில் பார்த்துப் பிடித்தோம். ஸ்டேஷனில், "5,000-க்குக் கீழே இருந்தா இப்ப கேஸே கிடையாது" என்கிறார்கள். உண்மையா? எனக்குப் பணம் வந்தால் போதும், அவன் வாழ்க்கை கெட வேண்டாம்.*
– ஒரு வியாபாரி, கடலூர்

கேஸ் கிடையாது என்பது தவறு. தண்டனைதான் மாறியிருக்கிறது. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு, குற்றவாளி என்று தீர்ப்பாவது முதல் முறை, பொருளோ அதன் மதிப்போ திரும்பக் கொடுக்கப்பட்டது ஆகிய மூன்றும் சேர்ந்தால் 303(2)-ன்படி சிறை இல்லை, சமூக சேவைதான் தண்டனை. நடைமுறைச் சட்டத்தின் அட்டவணைப்படி இது ஜாமீன் தரத்தக்க குற்றம். அதோடு, போலீஸ் தானாகப் புலன் விசாரிக்க முடியாத குற்றம். ஆகவே உங்கள் புகாரைப் பதிவேட்டில் ஏற்றி, உங்களை மாஜிஸ்திரேட்டிடம் அனுப்ப வேண்டும். அவர் உத்தரவிட்டால்தான் விசாரணை தொடங்கும். "கேஸ் இல்லை" என்று காவல் நிலையத்தில் சொல்வது பெரும்பாலும் இந்த அலைச்சலைச் சுருக்கிச் சொல்வதுதான்.

"முதல் முறை" என்பதைக் கவனியுங்கள். முதல் முறை பிடிபட்டது என்று சட்டம் சொல்லவில்லை, முதல் முறை தீர்ப்பானது என்றே சொல்கிறது. பையன் மீது வேறொரு வழக்கு நிலுவையில் இருப்பதால் மட்டும் இந்தச் சலுகை போய்விடாது.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு, பலர் கண்ணில் படுவதில்லை. பி.என்.எஸ். 305-வது பிரிவு வீட்டுத் திருட்டுக்கு மட்டுமானது என்று நினைக்கிறோம். "மனிதர் வசிக்கும் அல்லது பொருளைப் பாதுகாத்து வைக்கும் கட்டடம்" என்பது அதன் வாசகம். கடையும் குடோனும் இதற்குள் வந்துவிடலாம். பஸ்ஸில் பயணியின் பையிலிருந்து எடுத்தாலும், கோயில் சிலையை எடுத்தாலும், அரசுப் பொருளை எடுத்தாலும் இதே பிரிவுதான். தண்டனை 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும். இங்கே 5,000 ரூபாய்ச் சலுகை கிடையாது. இருநூறு ரூபாய் சோப்பு டப்பாவானாலும் கணக்கு இதுதான். சமரசப் பட்டியலிலும் 305 இல்லை. ஆகையால் அந்தப் பையனுக்கு நல்லது நடக்க வேண்டுமென்றால், புகாரில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். கடை திறந்திருந்த நேரம், வாடிக்கையாளராக உள்ளே வந்தான், தட்டிலிருந்து எடுத்தான், சாமான் பட்டியல் இது, மொத்தம் 2,800 என்று பில் விலையோடு கொடுங்கள். "கடையை உடைத்து", "கும்பலாக வந்து" போன்ற சொற்களை ஆத்திரத்தில் சேர்த்தால் பிரிவு எகிறிவிடும், பிறகு நீங்களே நினைத்தாலும் இறக்க முடியாது.

303(2)-க்குள் நின்றால் முன் கேள்வியில் சொன்ன சமரச மனு உங்களுக்கும் பொருந்தும். பணத்தை வாங்கும்போது ரசீது எழுதிக் கொடுத்து ஒரு நகலைப் பையனிடமும் கொடுங்கள். பொருளைத் திரும்பக் கொடுத்ததற்கு அதுதான் அவனுக்குச் சாட்சி.

பிடித்தவனை இரவு முழுக்கக் கடையில் அடைத்து வைப்பது, கம்பத்தில் கட்டுவது எல்லாம் உங்கள் மேலேயே வழக்காகத் திரும்பும். தனிநபர் ஒருவரைப் பிடித்து வைக்கப் பி.என்.எஸ்.எஸ். 40-வது பிரிவு இடம் தந்தாலும், 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். அதுவும் போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றத்துக்குத்தான். 5,000-க்குக் கீழான திருட்டு அந்த வகையே அல்ல! கேமராக் காட்சியை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பையன் 18 வயதுக்குக் கீழே என்று பின்னால் தெரிந்தால், படத்தை வெளியிட்டதற்கு 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

*சமூக சேவை என்றால் எத்தனை மணி நேரம்? என்ன வேலை?*
– கல்லூரி மாணவர், திருப்பாதிரிப்புலியூர்

மணிக்கணக்கு சட்டத்தில் இல்லை. சமூகத்துக்குப் பயன்படும், சம்பளம் இல்லாத வேலை என்று மட்டும் பி.என்.எஸ்.எஸ். 23-வது பிரிவு விளக்குகிறது. எங்கே, எத்தனை நாள் என்பது மாஜிஸ்திரேட்டின் உத்தரவில் இருக்கும். அது தெளிவாக இல்லாவிட்டால் அன்றே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். யாரிடம் வருகைக் கையெழுத்துப் போட வேண்டும், முடித்ததற்கான சான்றை யார் நீதிமன்றத்துக்கு அனுப்புவார் என்ற இரண்டும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். வேலையைச் செய்துவிட்டுச் சான்று போய்ச் சேராததால் மறுபடி கூண்டில் நிற்க வேண்டாம். வேலையைச் செய்யாமல் விட்டால் அதற்குப் பதிலாகச் சாதாரணச் சிறை உண்டு.

*என் அக்கா மகனுக்கு 17 வயது 4 மாதம். 22 வயது நண்பனோடு சேர்ந்து பேட்டரி திருடியதாகப் பிடித்து, ஒரு இரவு ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். பள்ளி டி.சி.யில் ஒரு பிறந்த தேதி, நகராட்சிச் சான்றிதழில் வேறு தேதி. டி.சி.படி 17, நகராட்சிப்படி 18 தாண்டிவிட்டது. எது செல்லும்?*
– முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பள்ளிச் சான்று. 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 94-வது பிரிவில் வரிசை தெளிவாக இருக்கிறது. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றோ பத்தாம் வகுப்புச் சான்றிதழோ பார்க்கப்படும். அது இல்லாவிட்டால்தான் நகராட்சி அல்லது பஞ்சாயத்துச் சான்றிதழ். இரண்டுமே இல்லாவிட்டால்தான் எலும்புச் சோதனை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ள தேதி டி.சி.யோடு ஒத்துப்போனால் அதையே முன்னால் வையுங்கள், டி.சி.யை மட்டும் நம்பிப் போகாதீர்கள், அது தனியாக இந்த வரிசையில் ஏற்கப்படாது. இந்தச் சட்டத்தில் வயதைச் சம்பவம் நடந்த நாளில் பார்ப்பார்கள், தீர்ப்பு நாளில் அல்ல. அடுத்த மாதமே 18 ஆனாலும் அவன் சிறார்தான். அப்போது வயதைச் சொல்லாமல் விட்டிருந்தாலும், வழக்கு முடிந்த பிறகுகூட எந்த நீதிமன்றத்திலும் எழுப்பலாம்.

இரவு முழுக்க ஸ்டேஷனில் வைத்தது சட்டப்படி நடந்திருக்கக் கூடாத காரியம். சிறாரை லாக்கப்பில் அடைக்கக் கூடாது, குழந்தைகள் நலக் காவல் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குழுமத்தின் முன் போகும்போது எந்த நேரத்துக்குப் பிடித்தார்கள், எங்கே வைத்திருந்தார்கள் என்பதைப் பையனே சொல்லட்டும், பதிவாகும். உடனடி உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098.

சாதாரணத் திருட்டில் சிறார் மட்டும் சம்பந்தப்பட்டிருந்தால் எஃப்.ஐ.ஆர். போடாமல், பொது நாட்குறிப்பில் எழுதிச் சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்புவதுதான் விதி. இங்கே பெரியவர் ஒருவரும் சேர்ந்திருப்பதால் எஃப்.ஐ.ஆர். வந்திருக்கும். அதற்காக விசாரணை சேர்ந்து நடக்காது. 22 வயதுக்காரர் வழக்கு மாஜிஸ்திரேட்டிடம், உங்கள் பையன் விவகாரம் குழுமத்திடம்.

ஜாமீன் சிறார் நீதிச் சட்டத்தின் 12-வது பிரிவில் வரும். குற்றம் ஜாமீனில் விடத்தக்கதா இல்லையா என்ற கேள்வியே அங்கே இல்லை, விடுவதுதான் விதி. தெரிந்த குற்றவாளிகளோடு மறுபடி சேர்ந்துவிடுவான் என்று தோன்றினால் மறுக்கலாம். அந்த 22 வயது நண்பன் பக்கத்துத் தெருவில் இருக்கிறான் என்றால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பையனைக் கொஞ்ச நாள் கடலூரிலோ விழுப்புரத்திலோ மாமா வீட்டில் வைக்கத் தயார், மாமா வந்து பொறுப்பேற்கிறார் என்று அவரையே நேரில் அழைத்துப் போவது நல்ல பதில்.

3 ஆண்டு வரை தண்டனையுள்ள சிறு குற்றமாக இருந்தால், குழுமம் 4 மாதத்தில் விசாரணையை முடிக்க வேண்டும், கூடுதலாக 2 மாதம் எடுக்கலாம். அதற்குள் முடியாவிட்டால் நடவடிக்கை அத்தோடு கைவிடப்படும். முடிவில் புத்திமதி சொல்லி வீட்டுக்கு அனுப்புவதிலிருந்து, குழு ஆலோசனை, சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு, கடைசியாக அதிகபட்சம் 3 ஆண்டு சிறப்பு இல்லம் வரை உத்தரவு போடலாம்.

*பைக்கைத் திருடவில்லை சார், பீச் ரோட்டிலிருந்து ஆரோவில் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு அதே இடத்தில் விட்டுவிட்டேன். இதுவும் திருட்டா?*
– புதுச்சேரி

ஆகலாம். நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் எண்ணம் தேவையில்லை. 1957-ல் கே.என். மெஹ்ரா வழக்கில், விமானப்படைப் பயிற்சி மாணவர் அனுமதி இல்லாமல் பயிற்சி விமானத்தை எடுத்துக்கொண்டு பாகிஸ்தான் எல்லைக்குள் போய் இறங்கிவிட்டார். தற்காலிகமாக எடுத்ததும் திருட்டுதான் என்று உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. விமானத்துக்கே அப்படி என்றால் பைக் எம்மாத்திரம்? ஆனால் நேர்மையற்ற எண்ணம் இருந்தது என்பதை போலீஸ்தான் நிரூபிக்க வேண்டும். சொந்தக்காரர் தெரிந்தவரா, முன்பு அனுமதியோடு ஓட்டியது உண்டா, அதே இடத்தில் விட்டதற்குக் கேமராப் பதிவு இருக்கிறதா என்பவை உங்கள் பக்கம் பேசும். அந்தப் பதிவுகள் சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். அதைப் பாதுகாக்க உத்தரவிடச் சொல்லி உடனே மனுக் கொடுங்கள். பைக்கின் மதிப்பு 5,000-ஐத் தாண்டும், சமூக சேவைக்கு வாய்ப்பில்லை. சமரசமோ 1958 சட்டமோதான்.

*தம்பி 50 நாளாகக் கடலூர் சிறையில் இருக்கிறான். ஜாமீன் கிடைத்தது, இரண்டு உள்ளூர் ஜாமீன்தாரர் கேட்கிறார்கள். எங்களுக்கு யாரும் இல்லை.*
– முதுநகர்

உத்தரவு வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. ஜாமீன் உத்தரவாகி 7 நாளில் வெளியே வராதவர்களைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம், உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று வற்புறுத்துவது தாமதத்துக்கு ஒரு காரணம் என்று 2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைக் காட்டி, சொந்த ஜாமீனில் விடக் கோரி நிபந்தனை மாற்ற மனுப் போடச் சொல்லுங்கள். சிறையில் இருப்பவருக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 15100-க்கு அழைக்கலாம், ஆணைக்குழு அலுவலகத்தில் நேரிலும் கேட்கலாம். கோர்ட் வாசலில் காசுக்கு நிற்கும் ஜாமீன்தாரரைப் பிடிக்காதீர்கள். போலிக் காகிதம் என்று தெரிந்தால் ஜாமீன் ரத்தாவதோடு புது வழக்கும் சேரும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்து 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால், 61-வது நாள் ஜாமீன் உரிமையாகிவிடும். ஆனால் குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன் மனு உள்ளே இருக்க வேண்டும். 61-வது நாள் காலையில், நீதிமன்றம் திறந்ததும் தாக்கல் செய்ய வழக்கறிஞர் தயாராக இருக்கட்டும், மதியம் போலீஸ் தாக்கல் செய்துவிட்டால் உரிமை போய்விடும். இதிலும் ஜாமீன்தாரர் கேட்கப்படலாம் என்பதால் நிபந்தனை மாற்ற மனுவை விட்டுவிடாதீர்கள்.

*நன்னடத்தையில் விட்டுவிட்டால் போலீஸ் வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் தடை இருக்காதா?*
– பண்ருட்டி

1958 சட்டம் 12-வது பிரிவு, தீர்ப்பால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது. ஆனால் அந்தத் தீர்ப்பே அழிந்துவிடுவதில்லை. வேலை கொடுப்பவர் நடந்த சம்பவத்தைப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை சொல்லியிருக்கிறது. விண்ணப்பத்தில் கேட்டிருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். 2016-ன் அவதார் சிங் தீர்ப்பின்படி, சிறு வயதில் செய்த அற்பக் குற்றத்தை உண்மையாகச் சொன்னவர் விஷயத்தில் அதிகாரி அதை மன்னிக்கலாம். மறைத்தவருக்கு மறைத்ததே தனிக் குற்றச்சாட்டாகிவிடும். தமிழகக் காவல் பணி இன்னும் கடுமை. அங்கே சந்தேகத்தின் பலனில் கிடைத்த விடுதலையைக்கூடக் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டதாகவே விதிகள் பார்க்கின்றன.

பாஸ்போர்ட்டில் தொல்லை வழக்கு நிலுவையில் இருக்கும் வரைதான் அதிகம். அப்போது வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் அனுமதி வாங்கி இணைக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்குள் 2 ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றிருந்தாலும் மறுக்கலாம், நன்னடத்தையில் விட்டவருக்கு அந்தச் சிறைத் தண்டனையே இல்லை.

சிறார் வழக்கு இவற்றில் எதிலும் சேராது. முடிந்த சிறார் வழக்கின் பதிவை நன்னடத்தைச் சான்றுக்காகக்கூட போலீஸ் வெளியே சொல்லக் கூடாது என்று சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு தடுக்கிறது.

*ஒரே ஒரு திருட்டுக்கு குண்டாஸ் போடுவார்களா?*
– புவனகிரி

1982-ம் ஆண்டுத் தமிழ்நாடு தடுப்புக் காவல் சட்டத்தில் குண்டர் என்பது திருட்டு போன்ற குற்றங்களை வழக்கமாகச் செய்பவர். ஒற்றைத் திருட்டு அந்த விளக்கத்துக்குள் வராது. அப்படியே உத்தரவு வந்தால், காவலில் வைத்த காரணங்களையும் ஆவணங்களையும் அவருக்குப் புரியும் மொழியில், அதாவது தமிழில், கொடுத்தார்களா என்று முதலில் பாருங்கள். கொடுக்காமல் விட்டதே ஆட்கொணர்வு மனுவுக்கு நல்ல காரணம்.